சங்கிலியும் சூரியனும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

ஓர் அடி மண்ணுக்காக உறவுகள் முறிவதை ஏட்டிலும் படித்திருக்கிறோம், நாட்டிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த ஓர் அடி மண்ணின் வழக்கு மண்ணில் தொடங்காமல், தலைக்கு மேலே முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கக்கூடும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு மாலைப் பொழுது எனக்கு அதைக் கற்பித்தது. கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய ஒரு கோரிக்கையை நம் கல்லூரியின் முன் வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரும்பாக்கத்தில் ஒரு மாலை

தாம்பரத்தில் குடியிருக்கும் எங்களுக்குப் பெரும்பாக்கம் அதிகத் தொலைவன்று. அங்கே என் சித்தப்பாவுக்கு அரை கிரவுண்டு மனை இருக்கிறது. இருபது ஆண்டுகள் தொழிற்சாலையில் உழைத்துச் சேர்த்த பணம் அந்த மண்ணில் கிடக்கிறது. சுற்றுச்சுவர் எழுப்ப அவர் முனைந்தபோது, பக்கத்து மனைக்காரர், “எல்லையை அளந்து முளை அடித்துவிட்டுக் கட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றார். நியாயமான பேச்சு. இருவருக்கும் பகலில் வேலை. ஆகவே மாலை ஏழு மணிக்கு மேல் வரும்படி தனியார் நில அளவையாளர் ஒருவரிடம் சொல்லி வைத்தார்கள்.

அவர் வந்தார். கையில் சங்கிலியும் இல்லை, நாடாவும் இல்லை. ஆளுயரக் கோல் ஒன்று. அதன் உச்சியில் கவிழ்த்த கிண்ணம் போல ஓர் ஏற்பி. கையடக்கத் திரை ஒன்று. செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிப்பலைகளை அந்தக் கிண்ணம் வாங்கிக்கொள்ளும். தொலைவில் உள்ள ஒரு நிலையத்திலிருந்து கைப்பேசி வழியே திருத்தமும் வந்து சேரும். இரண்டையும் கூட்டிக் கழித்துக் கோல் நிற்கும் இடத்தைத் திரை சொல்லிவிடும். கோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் திருப்பணி எனக்கு.

திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று தோன்றினால் அளவு இரண்டு விரற்கடைக்குள் உறுதி. ‘ஃப்ளோட்’ என்று தோன்றினால் கணக்கு இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அன்று மாலை ஏழரை மணிக்கு அந்தத் திரை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு நொடி ஃபிக்ஸ். மறு நொடி ஃப்ளோட். ஒன்பது கோள்களைக் காட்டிய திரை திடீரென்று ஐந்து என்றது. பிறகு எட்டு என்றது. அரை மணி நேரம் நின்றோம். அளவையாளருக்கு இன்னோர் இடத்துக்கும் போக வேண்டியிருந்தது. “போதும் தம்பி, இதுக்கு மேல நின்னா விடிஞ்சிடும். முளையை அடி” என்றார். அடித்தேன். அந்த முளை பக்கத்து மனைக்காரரின் வேலிக்குள் ஒன்றே கால் அடி தள்ளி விழுந்தது.

பிறகு நடந்ததை விரித்துரைக்க நான் விரும்பவில்லை. தென்சென்னைப் புறநகரில் இன்று ஓர் அடி மண்ணின் விலை என்னவென்று உங்களுக்கே தெரியும். சொற்கள் தடித்தன. பெண்கள் கைகலப்பைத் தடுத்தார்கள்.

பக்கத்து மனைக்காரரின் தந்தையார் எழுபது வயதைக் கடந்தவர். அவருடைய பிடிவாதத்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மீண்டும் அளந்தோம். அதே அளவையாளர், அதே கருவி, அதே இடம். கோலை நாட்டிய சிறிது நேரத்தில் ஃபிக்ஸ் வந்தது. வந்தது அசையவே இல்லை. நாடாவும் போட்டுச் சரிபார்த்தோம். மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழைய எல்லைக் கல்லுக்கும் புதிய அளவுக்கும் இரண்டு விரற்கடைதான் வேறுபாடு. தவறான முளையைப் பிடுங்கி எறிந்தார்கள். ஆனால் பேசிய சொற்களைப் பிடுங்க முடியுமா? இரு வீட்டாரும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“மிஷின் மேல தப்பில்ல தம்பி. இந்த மாசத்துல இருட்டினா இப்படித்தான் ஆடுது. ஏன்னு தெரியல” என்று அளவையாளர் சொல்லிவிட்டுப் போனார். அந்த ‘ஏன்னு தெரியல’ என்ற சொல்தான் என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் சென்று கேட்டேன். அவர் சொன்னார்: “ஒரு மாலையை வைத்துக்கொண்டு முடிவு கட்டிவிடாதே. மரமும் மதிலும்கூடக் குறுக்கிடும். ஆனால் மரமும் மதிலும் ஞாயிறு காலையிலும் அங்கேதானே இருந்தன? மார்ச் மாதம், சூரியன் மறைந்த பின் ஒரு மணி நேரம், சூரியப் புள்ளிகள் பெருகிய ஆண்டு. மூன்றும் ஒன்று சேர்ந்திருக்கின்றன. நீ அயனி மண்டலத்தைப் படி.” படித்தேன். படிக்கப் படிக்க வியப்பும் வெட்கமும் ஒருங்கே என்னை ஆட்கொண்டன. ஏன் வெட்கம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காணாத சங்கிலி

செயற்கைக்கோள் வழியறிதலின் தத்துவம் எளிமையானது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள் ஒன்று, “இந்த நேரத்தில் இந்த இடத்திலிருந்து இதை அனுப்புகிறேன்” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த அலை நம்மை வந்தடைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். இப்படி நான்கு கோள்களின் தொலைவு தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

அதாவது, ஒவ்வொரு கோளிலிருந்தும் நம் கைக்கு ஒரு காணாத சங்கிலி தொங்குகிறது. அதன் கண்ணிகள் நேரத்தால் ஆனவை. ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஏறத்தாழ ஓர் அடி செல்லும். ஆகவே நூறு கோடியில் ஒரு பங்கு நொடி பிசகினால் ஓர் அடி பிசகும். என் சித்தப்பாவின் ஓர் அடியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்!

நில அளவைக் கருவி இன்னும் நுட்பமாகச் செல்கிறது. அது அலையின் ஒவ்வொரு முகட்டையும் எண்ணுகிறது. அந்த அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். எண்ணிக்கை தவறாதவரை அளவு விரற்கடைக்குள் நிற்கும். சந்தைக் கூட்டத்தில் காசு எண்ணுகிறவனை யாரோ தோளில் தட்டினால் என்ன ஆகும்? முதலிலிருந்து எண்ண வேண்டும். அன்று பெரும்பாக்கத்தில் அந்தக் கருவியின் தோளைத் தட்டியது எது?

தாத்தாவின் வானொலி

என் தாத்தா உயிரோடு இருந்த நாளில் சிற்றலை வானொலியில் லண்டன் தமிழோசையைக் கேட்காமல் உறங்க மாட்டார். சில இரவுகளில் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஏறி இறங்கும். சில நேரம் படபடவென்று துடிக்கும். “இன்னிக்கு அலை அடிக்குதுடா” என்பார். ஒலிபரப்பில்தான் கோளாறு என்று நான் நினைத்திருந்தேன். தாத்தா சொன்னதே உண்மைக்கு அருகில் இருந்தது.

சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து விடுகின்றன. ஏறத்தாழ 60 கிலோமீட்டரிலிருந்து 1,000 கிலோமீட்டர் வரை பரந்து கிடக்கும் இந்த மின்னேற்றம் பெற்ற பகுதியே அயனி மண்டலம். சிற்றலைகளை அது கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் கடல் கடந்த குரல் தாத்தாவின் திண்ணைக்கு வந்தது. 1902-ஆம் ஆண்டில் கென்னலியும் ஹெவிசைடும் அப்படி ஒரு படலம் இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். 1924-இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் நிறுவினார். அந்தத் துறையில் ஆற்றிய பணிக்காக 1947-இல் நோபல் பரிசும் பெற்றார். நம் நாட்டில் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா இத்துறைக்கு வித்திட்டவர். 1947-இல் அவர் வெளியிட்ட மேல் வளிமண்டலம் பற்றிய நூல் உலகெங்கும் பாடநூலாகப் பயிலப்பட்டது.

செயற்கைக்கோளின் அலையை இம்மண்டலம் திருப்பி அனுப்புவதில்லை. கடந்து செல்ல விடுகிறது. ஆனால் சும்மா விடுவதில்லை. சேற்றில் நடப்பவனைப் போல அலை கொண்டுவரும் செய்தி தாமதமாகிறது. எலெக்ட்ரான்கள் மிகுந்த பிற்பகலில், சூரியன் சீறும் ஆண்டுகளில், இந்தத் தாமதம் நேர் உச்சியிலுள்ள கோளுக்கே பத்துப் பதினைந்து மீட்டர் பிழையைத் தரவல்லது. தொடுவானத்துக்கு அருகே உள்ள கோளாயின் பிழை இன்னும் கூடும்.

தாமதத்துக்கு மருந்து உண்டு. அலையின் அதிர்வெண் கூடினால் தாமதம் குறையும். இரு மடங்கானால் தாமதம் நான்கில் ஒன்றாகும். ஆகவே இரண்டு அதிர்வெண்களில் அலைகளைப் பெற்று ஒப்பிட்டால் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். நம் நாட்டின் நாவிக் கோள்கள் 1176 மெகாஹெர்ட்ஸ், 2492 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரு அதிர்வெண்களில் பேசத் தொடங்கியதன் பயன்களில் இதுவும் ஒன்று. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத நோய் ஒன்றும் இருக்கிறது. அந்த நோய் நம் வானத்துக்கே உரியது.

மாலையில் எழும் குமிழிகள்

புவியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கோட்டின் மேல் பகலெல்லாம் எலெக்ட்ரான்கள் நீரூற்றுப் போல மேலெழுந்து, காந்தக் கோடுகளின் வழியே இருபுறமும் வழிந்து விழுகின்றன. வடபுறத்தில் அவை வந்து குவியும் இடம் ஏறத்தாழ அகமதாபாத், போபால், கொல்கத்தா வட்டாரம். ஊற்றின் கண்ணுக்கும் அது விழும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது நம் சென்னை.

சூரியன் மறைந்ததும் நாடகத்தின் அடுத்த காட்சி தொடங்குகிறது. கீழ் அடுக்கில் எலெக்ட்ரான்களும் அயனிகளும் விரைவில் மீண்டும் ஒன்று சேர்ந்து மறைந்துவிடுகின்றன. மேல் அடுக்கோ மறையாமல் இன்னும் உயரத்துக்குத் தள்ளப்படுகிறது. அடர்ந்தது மேலே, அடர்த்தி குறைந்தது கீழே! எண்ணெயின் மேல் தண்ணீரை நிறுத்தி வைத்தால் எவ்வளவு நேரம் நிற்கும்? எண்ணெய் குமிழி குமிழியாக மேலே கிளம்பும் அல்லவா? அவ்வாறே எலெக்ட்ரான் குறைந்த குமிழிகள் அடர்ந்த அடுக்கைப் பிளந்துகொண்டு பல நூறு கிலோமீட்டர் உயரம் எழுகின்றன. காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீள்கின்றன. பிறகு நொடிக்குச் சுமார் நூறு மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்கின்றன. காஞ்சிபுரத்தின் மேல் இருந்த குமிழி பத்து நிமிடத்தில் தாம்பரத்தின் மேல் வந்துவிடும்.

குமிழியின் விளிம்புகள் கிழிந்த துணி போலக் கந்தலாக இருக்கும். அவற்றைக் கடந்து வரும் கோளின் அலை, விண்மீன் கண் சிமிட்டுவது போல மினுங்குகிறது. வலிமை சட்டென்று சரிகிறது, முகடுகளின் வரிசை குலைகிறது, எண்ணிக்கை தவறுகிறது. இதுதான் அந்தத் தோளைத் தட்டிய கை! நம் வட்டாரத்தில் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், இரவு ஏழரை மணியிலிருந்து நள்ளிரவு வரை, சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இது அதிகம். 2024-ஆம் ஆண்டு அத்தகைய ஆண்டு. சூரியன் தன் பதினோராண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக அந்த அக்டோபரில் அமெரிக்க அறிவியலாளர்கள் அறிவித்தார்கள்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு மே மாதம் 10, 11 ஆகிய நாட்களில் பெரும் காந்தப் புயல் ஒன்று புவியைத் தாக்கியது. அமெரிக்காவில் கோள் வழியே இயங்கும் உழவு இயந்திரங்கள் நடவுக் காலத்தில் வயலில் நின்றுவிட்டன. லடாக்கின் ஹான்லே வானில் செவ்வொளி தோன்றியது. உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் அதை எழுதின. அவர்களுக்கு அது எப்போதோ வரும் புயல். நமக்கோ புயலே வேண்டியதில்லை. புயலற்ற, அமைதியான, நாம் மொட்டை மாடியில் காற்று வாங்கும் சாதாரண மாலைப் பொழுதே போதும். சில வேளைகளில் புயல் வந்து இந்தக் குமிழிகளை அடக்கிவிடுவதும் உண்டு! வட நாடுகளின் வானத்தைப் பார்த்து எழுதிய பாடத்தை மட்டும் நாம் மனப்பாடம் செய்தால் நம் வானம் நமக்கு எப்படி விளங்கும்?

பரங்கிமலையில் நடந்தது

இந்த இடத்தில் பெரும்பாக்கத்தின் பழைய கதையொன்றைச் சொல்லியாக வேண்டும். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கில அதிகாரி பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 40,000 அடி நீளம், ஏழரை மைல். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவைக்கு அதுவே முதற்கோடு. இமயத்தின் உயரத்தைக் கண்ட அளவை, என் சித்தப்பாவின் மனை இருக்கும் ஊரில் பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

லாம்ப்டன் வைத்திருந்தது நூறு அடி எஃகுச் சங்கிலி. ஏப்ரல் வெயில் எப்படியிருக்கும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயிலில் எஃகு நீளும். பத்துப் பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கணக்கில் விட்டுவிட்டால் 40,000 அடியில் நான்கரை அடி பிசகும். இது நம் முதலாண்டு மாணவன் போடக்கூடிய கணக்கு. ஆகவே அவர் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தினார். கூடாரம் அமைத்து நிழல் தந்தார். பக்கத்தில் வெப்பமானிகளை வைத்தார். ஒவ்வொரு நூறு அடிக்கும் வெப்பம் குறித்துத் திருத்தம் செய்தார். லண்டனின் வெப்பத்தை எழுதி வைத்துக்கொண்டு பரங்கிமலையில் அளக்கவில்லை. சங்கிலி கிடக்கும் இடத்தில், சங்கிலி கிடக்கும் நேரத்தில், சூரியன் அதை என்ன செய்கிறது என்று பார்த்தார்.

இன்றும் நாம் அளப்பது சங்கிலியால்தான். அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இன்றும் அதை நீட்டிக் குலைப்பது அதே சூரியன்தான். ஆனால் 1802-இல் வெயிலைப் பார்த்துத் திருத்தியவர்களின் ஊரில், 2024-இல் வானத்தைப் பாராமல் முளை அடித்தோம். முன்னே சொன்ன வெட்கம் இதுதான்.

திரை பொய் சொல்லவில்லை என்பதை மறக்க வேண்டாம். ‘ஃப்ளோட்’ என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. “என்னை நம்பாதே” என்பதுதான் அதன் பொருள். அதைப் படிக்கும் அறிவு எங்களிடம் இல்லை. கருவி வாங்கிவிட்டோம், கருவியின் மொழியை வாங்க மறந்துவிட்டோம்.

முன்னோடிகள் இல்லாமலில்லை

நம் வானத்தை நாமே அளக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் இல்லாமல் போகவில்லை. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. மாலை மங்கும் வேளையில் அது தூவிய சோடிய ஆவி வானில் ஒளிர்ந்தது. விக்ரம் சாராபாய் அந்தச் சிறு மீனவக் கிராமத்தைத் தேர்ந்தது அது காந்த நடுக்கோட்டின் அருகே இருந்ததால்தான். அந்தக் குழுவில் இருந்த அப்துல் கலாம், நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்றவர். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலியில் இருந்து இதே நடுக்கோட்டு வானத்தை ஆராய்கிறது.

இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ககன்’ திட்டத்தின் கதை நமக்குப் பெரிய பாடம். ஜி.பி.எஸ். அளவைத் திருத்தி, விமானங்கள் நம்பத்தக்கதாக ஆக்குவது அதன் பணி. நாடெங்கும் 15 நிலையங்கள் கோள்களைக் கண்காணிக்கின்றன. திருத்தம் புவிநிலைக் கோள்கள் வழியே திரும்பி வருகிறது. அமெரிக்காவில் இது 2003-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய அயனி மண்டலக் கணக்கை அப்படியே எடுத்து இங்கே பொருத்த முடியவில்லை. அவர்கள் மண்டலத்தை ஒரே மெல்லிய ஓடாகக் கொண்டார்கள். நம் வானமோ அந்த எளிமைக்கு அடங்கவில்லை. பல அடுக்குகளாகக் கொண்டு நம் அறிவியலாளர்கள் புதுக் கணக்கு அமைத்தார்கள். 2015 ஏப்ரல் 21-ஆம் நாள், விமானம் இறங்கும்போது செங்குத்து வழிகாட்டலுக்கும் ககன் தகுதிச் சான்று பெற்றது. 2022 ஏப்ரலில் இராஜஸ்தானத்தின் கிஷன்கட் நிலையத்தில் பயணியர் நிறுவன விமானம் ஒன்று முதன்முறையாக அதன் துணையோடு இறங்கியது.

ககனிடம் நான் மிக மதிக்கும் பண்பு ஒன்று உண்டு. வானம் குழம்பினால் அது தன் பிழையின் எல்லையைத் தானே விரித்துக் காட்டும். எல்லை மிகும்போது, “இப்போது என்னை நம்பி இறங்காதே” என்று விமானிக்கு உணர்த்தும். தன் அறியாமையின் அளவை அறிந்து அறிவிப்பதைவிட உயர்ந்த அறிவு எது? மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தரையிலிருந்து வரும் வானொலிக் கற்றைகளையும் துணை கொள்வதால் பயணிகள் அஞ்ச வேண்டியதில்லை. விமானிக்கு இத்தனை காவல். பெரும்பாக்கத்தில் கோல் பிடித்து நிற்கிறவனுக்கு என்ன காவல்?

என் கோரிக்கை

நம் கல்லூரியின் மொட்டை மாடியில், இயற்பியல் துறையின் பொறுப்பில், இரு அதிர்வெண் ஏற்பி ஒன்றை நிறுவ வேண்டும். மாலை தோறும் எந்தக் கோளின் அலை எப்போது மினுங்கியது என்று அது குறித்துக்கொண்டே இருக்கட்டும். அந்த ஏட்டை மாணவர்கள் பேணட்டும். இதுவே என் கோரிக்கை.

“இது இஸ்ரோவின் வேலை, கலைக் கல்லூரிக்கு ஏன்?” என்று சிலர் கேட்கலாம். நாடு முழுமைக்கும் கண்காணிப்பு நிலையங்கள் 15. குமிழியின் அகலமோ சில பத்துக் கிலோமீட்டரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குள். இரண்டு நிலையங்களுக்கு இடையே அது ஓசையின்றி நழுவிச் செல்லலாம். குமிழி மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது என்று பார்த்தோம். வேலூரிலும் செய்யாற்றிலும் நந்தனத்திலும் அரசினர் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த மாடிகளில் ஒவ்வோர் ஏற்பி இருந்தால், வேலூரில் கண்ட குமிழியைப் பற்றிச் சென்னைக்கு இருபது நிமிடம் முன்னே சொல்லிவிடலாம்! வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கல்லூரிகளே ஒரு சங்கிலியாக அமைந்திருக்கின்றன.

“ஏழை மாணவனுக்கு வேலைதானே முக்கியம்?” என்று வேறு சிலர் கேட்கலாம். முக்கியந்தான். ஆனால் நம் புறநகரில் இன்று இடமறிதல் இல்லாத வேலை எது? மனை அளப்பவர், உணவு கொண்டு செல்பவர், ஆளில்லா விமானம் இயக்குபவர், கோவளத்தில் கட்டுமரத்தையும் ஃபைபர் படகையும் தள்ளுபவர் எல்லோரும் அந்தக் காணாத சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2019-இல் வெளியிடப்பட்ட ‘ஜெமினி’ என்னும் கருவி, கைப்பேசி எட்டாத ஆழ்கடலில் மீனவருக்குப் புயல் எச்சரிக்கையைத் தருவது ககன் கோள்களின் வழியேதான். இவர்களில் பாதிப் பேர் நம் அண்ணன்மார். மீதிப் பேர் நாளை நாமே.

“பணம் எங்கே?” என்பது மூன்றாவது கேள்வி. நம்மிடம் உள்ள புதிய கைப்பேசிகள் பலவற்றில் இரு அதிர்வெண் ஏற்பி இருக்கிறது. கோளிலிருந்து வரும் அளவுகளைத் திருத்தப்படாமல் அப்படியே பதிந்துகொள்ளவும் அவற்றில் வசதி உண்டு. அதிலிருந்தே தொடங்கலாம். தொடங்கிவிட்டால் துணை வராமல் போகாது. இதே புறநகரில், குரோம்பேட்டையில், மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிச் செய்த அனுசாட் கோள் 2009 ஏப்ரல் 20-ஆம் நாள் விண்ணில் ஏறவில்லையா? கோளையே செய்தவர்களின் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு, கோள் பேசுவதைக் கேட்கவும் நாம் தயங்கலாமா?

இன்னொன்று, காசே வேண்டாத வேலை. அறிந்ததைத் தமிழில் சொல்வது. சென்ற பொங்கலன்று பெரும்பாக்கம் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் என்னைக் கண்டால் சிரிப்பார். வேலி ஓரமாக அழைத்து, “அன்னிக்கு அப்படி வானத்துல என்னதான் தம்பி நடந்துச்சு?” என்று கேட்டார். எண்ணெயும் தண்ணீரும், குமிழியும் கண் சிமிட்டலும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “இது முன்னாடியே யாருக்கோ தெரியும்தானே? அப்போ, இந்த மாசத்துல பொழுது சாய்ஞ்சா அளக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி.”

என்னால் விடை சொல்ல முடியவில்லை. தெரியும்தான். 1938-லேயே பெரு நாட்டில் இந்தக் குழப்பத்தின் முதல் தடயத்தைக் கண்டுவிட்டார்கள். ஆய்வேடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு வார்த்தை பெரும்பாக்கத்தின் வேலி ஓரத்துக்கு வந்து சேரவில்லை. இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு நொடிக்குள் அலை வந்துவிடுகிறது. ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு அறிவு வர எண்பது ஆண்டுகள் போதவில்லை. இந்தத் தாமதத்தைத் திருத்த எந்தக் கோளும் வராது. நாம்தான் திருத்த வேண்டும்.

அடுத்த மார்ச் மாதம் வரத்தான் போகிறது. பொழுது சாயும்; குமிழிகள் எழும்; எங்கோ ஒருவர் கையில் கோலுடன் நிற்பார். அவருக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, மாடிக்கு என்னோடு ஏறி வரப்போகும் நண்பர்கள் யார் யார்?